ஓர் ஏக்கர் சம்பா: விதை நெல் முதல் நியாயவிலைக் கடை அரிசி வரை

பல ஆண்டுகள் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை மீட்டுக்கொண்டு, முதன்முறையாகத் தாமே சாகுபடியில் இறங்கும் குடும்பங்கள் காவிரிப் படுகையில் இன்று நிறைய இருக்கின்றன. அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்கொள்ளும் நிலம் ஓர் ஏக்கர், அதாவது தஞ்சை வட்டாரக் கணக்கில் 3 மா. பட்டம் சம்பா. அந்த நிலத்தில் விளையும் நெல் எந்தெந்தக் கைகளைக் கடந்து ஒரு குடும்ப அட்டைதாரரின் பையில் அரிசியாக விழுகிறது என்பது வரை படிப்படியாகப் பார்ப்போம்.

இந்தப் பயணம் முழுவதும் இரண்டு கணக்குகள் கூடவே வரும். ஒன்று நாட்கணக்கு, மற்றொன்று ஈரக்கணக்கு. விதையை ஊறவைப்பதில் தொடங்கிக் கிடங்கில் மூட்டையை அடுக்குவது வரை, நெல்லுக்குள்ளும் நெல்லைச் சுற்றியும் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எந்தத் தேதியில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே விளைச்சலையும் விலையையும் முடிவு செய்கின்றன. உரமும் மருந்தும் அவற்றுக்கு அடுத்தபடிதான்.

முதற்படி: அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

புதிதாகச் சாகுபடி செய்பவர்கள் பெரும்பாலும் விதைக்கும் நாளிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். அறுக்கும் நாளிலிருந்து தொடங்குவதே சரியான முறை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி, நவம்பரில் உச்சத்தைத் தொட்டு, பொதுவாக டிசம்பர் இறுதியில் அல்லது ஜனவரி தொடக்கத்தில் ஓய்கிறது. எனவே கதிர் முற்றி நிற்கும் நாட்கள் மழைக்குப் பின்னால் வர வேண்டும். அடைமழை பெய்யும் நவம்பரில் பயிர் வேரூன்றி, அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட்டுத் தூர்கட்டி நிமிர்ந்திருக்க வேண்டும். பொங்கலையொட்டி அறுவடை என்பது வெறும் வழக்கமாக வந்ததன்று. அது மழையின் கணக்கைப் பார்த்து முன்னோர் வைத்த கணக்கு.

நெற்பயிரின் வாழ்நாளை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம். முளைத்துத் தூர்கட்டும் வளர்ச்சிப் பருவம், தண்டுக்குள் கதிர் உருவாகிப் பூக்கும் வரையிலான ஏறத்தாழ 35 நாட்கள், பூத்த பிறகு பால் பிடித்து மணி முற்றும் ஏறத்தாழ 30 நாட்கள் என்பவையே அவை. குறுகிய கால ரகமானாலும் நீண்ட கால ரகமானாலும் பின்னிரண்டு பருவங்களின் அளவு பெரிதாக மாறுவதில்லை. முதற்பருவம் மட்டுமே நீளும், குறுகும். இதைப் புரிந்துகொண்டால் எந்த ரகத்துக்கும் நீங்களே நாட்காட்டி போட்டுவிடலாம். ஜனவரி 14 அறுவடை என்று வைத்துக்கொண்டால், சுமார் 157 நாள் வயதுடைய நீண்ட கால ரகத்தை ஆகஸ்ட் 10 அளவிலும், 135 நாள் வயதுடைய மத்திய கால ரகத்தைச் செப்டம்பர் 1 அளவிலும் விதைக்க வேண்டும். இரண்டுமே டிசம்பர் நடுவில் பூக்கும். நவம்பர் இரண்டாம் வாரத்தையொட்டித் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும்.

இந்தக் கணக்கோடு ஆற்று நீரையும் பொருத்திப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்காக ஜூன் 12இல் திறந்து, ஜனவரி 28இல் மூடுவது மரபு. ஆனால் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த நீர் கல்லணைக்கு வரச் சில நாட்களும், அங்கிருந்து நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடைக்குச் செல்ல மேலும் பல நாட்களும் ஆகும் என்பதால், தலைமடைக்காரரின் நாட்காட்டியைக் கடைமடைக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடைமடையில் பலர் நாற்று விடாமல், கோடை உழவு செய்த புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்கும் ஆற்று நீருக்கும் காத்திருப்பது இதனால்தான். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழியிலும் அழுத்தம் தேடுதலின் மீதே விழுகிறது.

ரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரகத்தை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: வயலில் நீர் தேங்குமா, நெல்லை யாரிடம் விற்கப் போகிறீர்கள், சென்ற ஆண்டு பக்கத்து வயல்களில் என்ன நோய் வந்தது.

பள்ளக்கால் வயலானால் சி.ஆர். 1009 ரகத்தின் வெள்ளம் தாங்கும் வடிவமான சி.ஆர். 1009 சப் 1 ஏற்றது. பயிர் முழுகிக் கிடக்கும்போது உயரமாக வளர்ந்து சக்தியை வீணாக்காமல் அடங்கியிருக்கவும், நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கவும் அதிலுள்ள சப் 1 மரபணு உதவுகிறது. இது தடித்த மணியுள்ள மோட்டா ரகம். இட்லி அரிசிக்குப் பெயர் பெற்றது. அரசின் கொள்முதல் நிலையத்தில் பொது ரக விலை கிடைக்கும். மேட்டு வயலில் மெல்லிய மணியுள்ள சன்ன ரகம் வேண்டுவோர் ஆடுதுறை 46, ஆடுதுறை 39, பி.பி.டி. 5204 போன்றவற்றை நாடுகிறார்கள். பி.பி.டி. 5204 அரிசியைச் சந்தை விரும்புகிறது, ஆனால் குலைநோய் என்னும் பூஞ்சை நோய்க்கு எளிதில் ஆளாகும். மார்கழிப் பனியில் அந்நோய் கதிரின் கழுத்தைப் பிடிக்கும் என்பதால், முதன்முறை சாகுபடி செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற மரபு ரகங்களை விரும்புவோர் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றுள் உயரமாக வளர்பவை காற்று மழையில் சாய்ந்துவிடக்கூடும். அவற்றின் தனி மதிப்புக்கேற்ற விலையும் அரசுக் கொள்முதலில் கிடைக்காது. வாங்குபவரை உறுதி செய்துகொண்டு விதைத்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

விதை மூட்டையில் உள்ள அட்டையின் நிறத்தைப் பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று பெற்ற விதைக்கு நீலம். சாதாரணச் சாகுபடிக்கு நீல அட்டை போதும். சான்று விதையின் முளைப்புத்திறன் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் வட்டார வேளாண் விரிவாக்க மையங்களும் விதைக்கு முதலில் அணுக வேண்டிய இடங்கள்.

நிலத்தைத் தயார் செய்தல்

குறுவை போடாத வயலாக இருந்தால், கோடை மழையைப் பயன்படுத்தி ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாளையொட்டிப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடலாம். பயறு வகைச் செடியான அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்து வைக்கின்றன. அதைவிடவும் பெரிய பயன், ஆண்டுக்கணக்கில் சேறடித்து இறுகிப்போன களிமண்ணுக்கு மக்கும் பொருள் சேர்வதுதான். உழுவதற்கு முன்பே மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும். வரப்போரம், எருக்குவித்த இடம், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்குகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கால்பங்கு முறையில் அரைக்கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும்.

நடவுக்கு முன்னால் செய்யும் சேற்றுழவு வெறுமனே மண்ணைக் குழைப்பதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. அது மண்ணின் நுண்துளைகளை அடைத்து, நீர் கீழே இறங்குவதைக் குறைக்கிறது. முளைத்த களையையும் அமிழ்த்துகிறது. அதோடு வரப்பின் பக்கங்களைச் செதுக்கிச் சேறு பூசும் அண்டைவெட்டும் சேர்ந்தால்தான் எலி வளையும் நீர்க்கசிவும் அடைபடும். ஆனால் இவை அனைத்தையும்விட நான் முக்கியமாகக் கருதுவது சமன்படுத்துதலை. வயலின் ஒரு மூலை நான்கு விரற்கடை உயர்ந்திருந்தாலும் அங்கே களை மண்டும், தாழ்ந்த மூலையில் நாற்று அழுகும், இட்ட உரம் தாழ்வை நோக்கி ஓடிச் சேரும். சமமில்லாத வயலில் பின்னால் சொல்லப்போகும் எந்த நீர்ச்சிக்கன முறையும் பலிக்காது. லேசர் சமன் கருவி வாடகைக்குக் கிடைத்தால் கோடையிலேயே ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால், வயலில் மெல்லிய அளவுக்கு நீர் நிறுத்திப் பரம்படித்து, எங்கே மண் தலை தூக்குகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்தலாம்.

விதையும் நாற்றங்காலும்

சாதாரண நடவு முறையில் ஏக்கருக்கு நீண்ட கால ரகமானால் 12 கிலோ, மத்திய கால ரகமானால் 16 கிலோ, குறுகிய கால ரகமானால் 24 கிலோ விதை போதும். வயது நீளும் ரகம் தூர்கட்ட அதிக நாட்கள் பெறுவதால் விதை குறைகிறது. வழக்கத்தில் ஏக்கருக்கு 30 கிலோ, 40 கிலோ என்று கொட்டுகிறார்கள். நாற்றங்காலில் நெருக்கம் கூடினால் நாற்று மெலிந்து உயரும். அத்தகைய நாற்றை எத்தனை நட்டாலும் தூர் வெடிக்காது.

பத்து லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, அதில் ஒரு முட்டையை இடவேண்டும். முட்டை மிதந்து, அதன் மேற்பகுதி பழைய 25 காசு நாணயம் அளவுக்கு நீருக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரியான அடர்த்தியில் இருக்கிறது என்று பொருள். விதையை அதில் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அடியில் தங்கிய மணிகளை உடனே இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவிவிட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பின்னர் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்) கலந்து, 24 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச் சாக்கில் 24 மணி நேரம் மூட்டம் போட்டால் முளை கட்டும். 13 விழுக்காடு ஈரத்தில் உறங்கிக்கொண்டிருந்த விதையை நீர் எழுப்பும் இடம் இதுதான்.

ஓர் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். சென்டுக்கு 2 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை அடியுரமாக இட்டு, மேட்டுப் பாத்தி அமைத்து விதைக்கலாம். முளை தரித்துப் பச்சை பிடிக்கும் வரை பகலில் நீர் தேங்க விடக்கூடாது. மத்திய கால ரக நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள்ளும், நீண்ட கால ரக நாற்றை 30 முதல் 35 நாட்களுக்குள்ளும் பறித்து நட்டுவிட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை என்று நாற்று முற்றிப்போனால், நாற்றங்காலிலேயே தூர்கட்டும் நாட்கள் கரைந்துவிடும். இழந்த அந்த நாட்களை எந்த உரத்தாலும் மீட்க முடியாது.

நடவு

மத்திய கால ரகத்துக்கு 20க்கு 10 செ.மீ., நீண்ட கால ரகத்துக்கு 20க்கு 15 செ.மீ. இடைவெளியில், குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக, மேலோட்டமாக நட வேண்டும். ஆழ நட்டால் கீழ்க்கணுவிலிருந்து கிளம்பும் தூர்கள் அடைபடும். நடுவதற்கு முன் நாற்றின் இலை நுனியைக் கிள்ளிவிடும் பழைய வழக்கத்துக்குக் காரணம் உண்டு. தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை இலை நுனியருகில்தான் இடுகிறது. எட்டடிக்கு ஓரிடத்தில் ஓரடி அகலத்துக்கு நடாமல் இடைவெளி (பட்டம்) விட்டு நட்டால் காற்றும் வெயிலும் அடிக்கட்டையை எட்டும்; பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையான் அடிக்கட்டையின் நிழலையும் ஈரத்தையும் நம்பியே பெருகுகிறது.

திருந்திய நெல் சாகுபடி என்ற ஒற்றை நாற்று முறையில் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையே போதும். 14 நாள் நாற்றை, 25க்கு 25 செ.மீ. சதுரத்தில், குத்துக்கு ஒன்றாக நட்டு, பத்து நாட்களுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் களையெடுக்கும் உருளைக் கருவியை இரு திசையிலும் ஓட்ட வேண்டும். களை அதே சேற்றில் புதைந்து எருவாகும். வேருக்குக் காற்று கிடைக்கும். முறை நல்லது, ஆனால் வடிகால் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் வயலுக்கு மட்டுமே உரியது. நட்ட வாரத்திலேயே முழங்கால் அளவு மழைநீர் நிற்கக்கூடிய பள்ளத்தில் 14 நாள் நாற்று என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உரக் கணக்கு

மண் பரிசோதனை முடிவு கையில் இல்லாதபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சம்பாவுக்குத் தரும் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 50 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்). ஏக்கருக்கு இது 60, 20, 20 கிலோ. சத்தைக் கிலோவில் சொல்வது ஒன்று, கடையில் மூட்டையாக வாங்குவது வேறு. இரண்டையும் இணைக்கும் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

டி.ஏ.பி.யில் 46 விழுக்காடு மணிச்சத்தும் 18 விழுக்காடு தழைச்சத்தும் உள்ளன. 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டி.ஏ.பி. தேவை, அதிலிருந்தே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதமுள்ள 52.2 கிலோ தழைச்சத்தை 46 விழுக்காடு உள்ள யூரியாவில் பெற 113.5 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை வேண்டும். 60 விழுக்காடு சாம்பல்சத்துள்ள பொட்டாஷ் 33 கிலோ. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இட்டுவிடலாம். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இட வேண்டும். டி.ஏ.பி. தழைச்சத்து தருவதால் அடியுரத்தில் யூரியா 16 கிலோ போதும். பின்வரும் மூன்று தவணைகளில் தலா 32 முதல் 33 கிலோ. பிரித்து இடுவதற்குக் காரணம், தேங்கிய நீரில் கரைந்த யூரியா ஒரு பகுதி ஆவியாகவும் ஒரு பகுதி வடிகாலிலும் போய்விடுவதே.

யூரியா இட்டதும் பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதைப் பார்த்து மகிழ்பவர்கள் அதிகம். அந்தப் பச்சையைப் புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் நம்மைவிட அதிகமாக விரும்புகின்றன. இலை வண்ண அட்டையை ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டு, நட்ட 14ஆம் நாள் முதல் வாரந்தோறும் பத்து இலைகளை ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பாலான ரகங்களில் நிறம் 4ஆம் எண்ணுக்குக் கீழே இறங்கினால் மட்டும் தழைச்சத்து இடுவது செலவையும் குறைக்கும், மருந்தையும் குறைக்கும்.

துத்தநாகத்தை மறக்கக்கூடாது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் வயலில் தூவிவிட வேண்டும். மணிச்சத்து உரத்தோடு கலக்கக்கூடாது. நட்ட இரண்டு மூன்று வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதன் குறைபாட்டையே.

தண்ணீர்: காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் நீர்த்தாவரமன்று, நீரைத் தாங்கும் தாவரம். தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகளின் வழியே மேலிருந்து காற்றைக் கீழே கொண்டுசெல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. களைகளில் பலவற்றுக்கு இல்லை. நீர் நிறுத்துவதன் முதற்பயன் களையை அடக்குவதுதான். ஆகையால் நடவு முடிந்த முதல் இரண்டு வாரங்களில் மெல்லிய நீரை நிறுத்தி, பிறகு, நின்ற நீர் வற்றிக் காய்ந்தபின் மீண்டும் பாய்ச்சும், ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் உழவர் சொல்லும் முறைக்கு மாறிவிடலாம். இம்முறை நீரை மிச்சப்படுத்துவதோடு, காற்றுப் புகாத சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவையும் குறைக்கிறது.

எவ்வளவு காயலாம் என்பதை ஒரு பிளாஸ்டிக் குழாய் சொல்லும். சுமார் 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். மேலே நீர் வற்றினாலும் குழாய்க்குள் நீர்மட்டம் தெரியும். அது தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும் வரை மீண்டும் பாய்ச்சத் தேவையில்லை. ஒரே விதிவிலக்கு, கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பொதிப்பருவமும் பூக்கும் நாட்களும். அப்போது 5 செ.மீ. நீர் நிற்பது நல்லது; அந்நாட்களில் வறட்சி தட்டினால் மணி பதராகும்.

வரும் நீரைவிட வடியாத நீரே சம்பாவின் பெருங்கவலை. அக்டோபருக்கு முன்பே உங்கள் வயலின் வடிகால் எந்த வாய்க்காலில் சேர்கிறது, அது எங்கே தூர்ந்திருக்கிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள். உங்கள் நிலத்தோடு முடியும் வேலையன்று அது, கீழ்வயல்காரரோடு பேசித் தீர்க்க வேண்டியது. முழுகிய பயிர் நீர் வடிந்தபின் மஞ்சளித்து நின்றால், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். நீர் வடியாமல் இட்டால் அத்தனையும் வாய்க்காலுக்குப் போகும்.

பூச்சி, நோய், காப்பீடு

வாரத்துக்கு இருமுறை காலையில் வயலுக்குள் இறங்கி, குறுக்கே நடந்து, குத்துகளை விலக்கி அடிப்பகுதியைப் பார்ப்பதே பயிர்ப் பாதுகாப்பின் பெரும்பகுதி. வரப்பில் நின்று பார்த்தால் புகையான் தெரியாது. தெரியும்போது பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்திருக்கும். தூருக்கு ஒரு புகையான் என்பது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய எல்லை. சிலந்திகள் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். முன்னெச்சரிக்கை என்ற பெயரில் தொடக்கத்திலேயே மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்திதான், அதன்பின் புகையானுக்குத் தடையே இல்லை. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத்துளைப்பான். கதிர் வந்தபின் அதே புழு மணி பிடிக்காத வெண்கதிரை உண்டாக்கும். அதன் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் ஒட்டுண்ணிக் குளவியின் அட்டைகளை வயலில் கட்டுவது அதற்கு உதவும். மருந்தே வேண்டும் என்ற நிலை வந்தால், கடைக்காரரின் பேச்சைக் கேட்காமல் பாதித்த குத்தோடு வேளாண் அலுவலரைப் பாருங்கள்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. படுகை மாவட்டங்களில் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15ஆக அறிவிக்கப்படுகிறது. சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை அக்டோபரிலேயே எடுத்து வைத்துக்கொண்டால் மழையில் அலைய வேண்டியிருக்காது. பொதுவாக வருவாய்க் கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் அடிப்படையிலேயே இழப்பு கணக்கிடப்படுவதால், உங்கள் வயல் மட்டும் அழிந்து ஊர் விளைந்திருந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

அறுவடை

கதிரிலுள்ள மணிகளில் 80 விழுக்காடு பழுத்து மஞ்சளானதும் அறுக்கலாம். அதற்குப் பத்து நாட்கள் முன்பே நீரை வடித்துவிட வேண்டும். உளுந்து போடுவதாக இருந்தால் இந்த இடைவெளியில்தான் தெளிக்க வேண்டும். மெழுகுபதத்தில் இருக்கும் ஈர மண்ணில், நிற்கும் நெல்லுக்குள் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ ஆடுதுறை 3 உளுந்து தெளிப்பது படுகையின் பழைய முறை. ஆள் அறுப்பு இருந்த காலத்தில் இது சிரமமில்லாமல் நடந்தது. இன்று அறுவடை இயந்திரத்தின் தடத்தில் முளைத்த உளுந்து நசுங்குவதால், பலர் அந்த இரண்டாம் பயிரையே கைவிட்டுவிட்டார்கள். இயந்திரம் வரும் நாள் உறுதியானபின், அதற்கு மிக நெருக்கமாகத் தெளிப்பது இழப்பைக் குறைக்கும்.

அறுக்கும்போது நெல்லின் ஈரப்பதம் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். இயந்திரம் அறுத்த நெல்லைக் குவித்து மூடிவிட்டால், உள்ளே வெப்பம் ஏறி மணி பழுப்பாகும். அன்றைக்கே களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலில் மெல்லிய படலமாகப் போட்டு ஒரே மூச்சில் காயவைத்தால் மணிக்குள் வெடிப்பு விழுந்து, அரவையில் நொய்யாகும்.

கொள்முதல் நிலையத்தில்

நெல்லைத் தனியார் வணிகரிடமும் விற்கலாம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் விற்கலாம். ஒன்றிய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 கொள்முதல் பருவத்தில் குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு முறையே 131, 156 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததால் கைக்கு வருவது 2,500, 2,545 ரூபாய். வணிகர் இதைவிடக் குறைத்துக் கேட்டாலும் களத்திலேயே எடை போட்டு உடனே பணம் தருவார் என்பதால் சிலர் அங்கே சாய்கிறார்கள். அவசரமில்லாதவர் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

கொள்முதல் நிலையத்தில் தேவைப்படும் ஈரப்பதம் 17 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ். தொடர்மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு தளர்வு கொடுத்ததுண்டு, ஆனால் அதை நம்பி நெல்லைக் காயவைக்காமல் இருக்கக் கூடாது. காயவைத்தால் எடை குறைகிறதே என்று கவலைப்படுவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல் 17 விழுக்காட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 940 கிலோவாகும். போன 60 கிலோவும் நீர்தான். கருக்காய், முற்றாத சுருங்கிய மணி 3 விழுக்காட்டுக்கும், சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த மணி 5 விழுக்காட்டுக்கும் மிகக்கூடாது என்பன மற்ற வரம்புகள். ஆதலால் நெல்லைத் தூற்றிச் சுத்தம் செய்த பிறகே கொண்டுசெல்ல வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்து முறை நாளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. எங்கள் பக்கத்தில், இடம் பிடிப்பதற்காக முன்னதாகவே கொண்டுபோய்ச் சாலையோரம் கொட்டி, ஒரே இரவு மழையில் நெல் முளைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். கைவசம் நல்ல தார்ப்பாய் இல்லாமல் நெல்லை வீட்டை விட்டு நகர்த்தாதீர்கள். எடை 40 கிலோ மூட்டைகளாகப் போடப்பட்டு, பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

அரவையும் விநியோகமும்

அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பவர் தனியாக 13 விழுக்காட்டுக்குக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். விற்ற நெல் இனி அரசின் சொத்து. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் பொங்கலையொட்டித் தஞ்சாவூரில்தான் தொடங்கப்பட்டது என்பது இந்த மண்ணுக்கும் நாட்டின் உணவு வழங்கலுக்கும் உள்ள உறவைக் காட்டும். எனினும் 2002 முதல் தமிழ்நாட்டில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடப்பில் உள்ளது. 1972இல் அமைந்த தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒன்றிய அரசின் உணவு தானிய இருப்பான ஒன்றியத் தொகுப்புக்காக நெல்லை வாங்கி, அரைத்து, இங்குள்ள பொது விநியோகத்துக்கே பயன்படுத்துகிறது. பற்றாக்குறையை உணவுக் கழகம் பிற மாநில அரிசியால் ஈடுசெய்கிறது.

வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலைகளும் தனியார் அரவை முகவர்களும் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைக்கிறார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் போன்ற வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்குகிறது, மாவுச்சத்து இறுகுவதால் நொய்யும் குறைகிறது. அரசு வரையறுத்த அரவை விகிதம் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ. ஏறத்தாழ 20 விழுக்காடு உமி ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருளாகும். தவிடு எண்ணெய் எடுக்கவும் தீவனத்துக்கும் போகும்.

உங்கள் ஏக்கரில் 2,000 கிலோ நெல் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். அது 50 மூட்டை. சன்ன ரகமானால் 50,900 ரூபாய். அரைத்தால் 1,360 கிலோ புழுங்கலரிசி. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ என்ற கணக்கில் இது 38 குடும்பங்களின் ஒரு மாத அரிசி, அல்லது மூன்று குடும்பங்களின் ஓராண்டு அரிசி. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது. அந்த அரிசி கிடங்கில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, அரவைக்குப் பிறகும் ஈரப்பதம் 14 விழுக்காட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அதனால்தான் மூட்டைகள் தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கப்பட்டு, சுவரிலிருந்து விலகி நிற்கின்றன.